ஆளில்லாத அறைக்கு விளக்கு எதற்கு? - தானியங்கி விளக்குக் கட்டுப்பாடும் வணிகர் கணக்கும்

வணிகத்தில் லாபத்தைப் பெருக்க இரண்டு வழிகள் உண்டு. ஒன்று விற்பனையைக் கூட்டுவது. மற்றொன்று வீண் செலவைக் குறைப்பது. முதல் வழி நம் கையில் மட்டும் இல்லை. மழை, விலைவாசி, பக்கத்துக் கடை, பெரிய அங்காடி என்று பல பேர் அதில் கை வைக்கிறார்கள். இரண்டாவது வழியில் குறுக்கே நிற்பவர் யாரும் இல்லை. முழுவதும் நம் பொறுப்பு.

வாடகை, கூலி, வண்டிச் சத்தம் ஆகியவற்றை நாம் பைசா கணக்காகப் பார்க்கிறோம். ஆனால் மின்கட்டண ரசீது வந்தால், "கட்டித்தானே ஆக வேண்டும்" என்று பணத்தைக் கட்டிவிட்டு ரசீதைக் கம்பியில் குத்திவிடுகிறோம். அந்த ரசீதுக்குள் எத்தனை ரூபாய் வியாபாரத்துக்காக எரிந்தது, எத்தனை ரூபாய் யாருமே இல்லாத அறையில் வீணாக எரிந்தது என்று பிரித்துப் பார்ப்பதில்லை.

இந்தக் கேள்வியைப் பல ஆண்டுகளுக்கு முன்பே எழுப்பி, அளந்து பார்த்து, விடையும் கண்டவர்களில் கல்லூரிகளும் பல்கலைக்கழகங்களும் உண்டு. கல்லூரிக்கும் கடைக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். சம்பந்தம் இருக்கிறது. அதைத்தான் இக்கட்டுரையில் விளக்கப் போகிறோம்.

சுவிட்ச் போடுபவர் ஒருவர், பணம் கட்டுபவர் வேறொருவர்

கல்லூரி வகுப்பறையை எண்ணிப் பாருங்கள். காலையில் முதலில் வருபவர் எல்லா விளக்குகளையும் போடுகிறார். பாடம் முடிந்ததும் ஆசிரியர் அடுத்த வகுப்புக்கு ஓடுகிறார், மாணவர்கள் உணவகத்துக்கு ஓடுகிறார்கள். அடுத்து யாராவது வருவார்கள் என்ற எண்ணத்தில் எவரும் சுவிட்சைத் தொடுவதில்லை. இவர்களில் யாரும் கெட்டவர்கள் அல்லர். மின்கட்டணம் அவர்கள் பையிலிருந்து போவதில்லை, அவ்வளவுதான்.

நம் கிடங்கிலும் இதே கதைதான். பையன் ஒரு மூட்டை பருப்பு எடுக்க உள்ளே போகிறான். பத்து விளக்குகளையும் போடுகிறான். மூட்டை தோளில் ஏறியதும் இரண்டு கையும் அதிலே. வெளியே வரும்போது சுவிட்சை அணைக்க மூன்றாவது கை அவனுக்கு இல்லை. திட்டிப் பயனில்லை. இரண்டு நாள் அணைப்பான், மூன்றாம் நாள் மறப்பான். "விளக்கை அணைக்கவும்" என்று அட்டை எழுதி மாட்டினாலும் பலன் சில வாரங்களுக்குத்தான்.

மனிதன் மறக்கும் வேலையை மறக்காத ஒரு கருவியிடம் ஒப்படைப்பதுதான் தானியங்கி விளக்குக் கட்டுப்பாடு.

அளந்து பார்த்தவர்கள் கண்டது என்ன?

அமெரிக்காவில் ரென்சலியர் தொழில்நுட்பக் கல்வி நிறுவனத்தின் விளக்கொளி ஆய்வு மையமும் அந்நாட்டுச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையும் சேர்ந்து ஓர் ஆய்வு நடத்தி, 2000-ஆம் ஆண்டில் முடிவுகளை வெளியிட்டன. 24 மாநிலங்களில் 60 கட்டடங்களில் 158 அறைகளில் கருவி வைத்து, அறையில் எப்போது ஆள் இருக்கிறார், எப்போது விளக்கு எரிகிறது என்று இரண்டு வாரம் பதிவு செய்தார்கள். ஆள் போன பின் தானே அணைக்கும் கருவி பொருத்தினால் எவ்வளவு மிச்சமாகும் என்று அதிலிருந்து கணக்கிட்டார்கள். கருவி 20 நிமிடம் பொறுத்து அணைத்தால் ஒரு கணக்கு, 5 நிமிடம் பொறுத்து அணைத்தால் ஒரு கணக்கு. விளக்குக்கான மின்செலவில் மிச்சமாகக்கூடிய அளவு வருமாறு:

கழிப்பறை: 47 முதல் 60 சதவீதம்
வகுப்பறை: 52 முதல் 58 சதவீதம்
கூட்ட அறை: 39 முதல் 50 சதவீதம்
தனி அலுவலக அறை: 28 முதல் 38 சதவீதம்
இளைப்பாறும் அறை: 17 முதல் 29 சதவீதம்

இந்தப் பட்டியலிலேயே ஒரு பாடம் இருக்கிறது. கருவி ஒன்றுதான். ஆனால் பலன் இடத்துக்கு இடம் மாறுகிறது. யாருக்கும் சொந்தமில்லாத, ஆள் வந்து வந்து போகும் இடத்தில் மிச்சம் அதிகம். ஒருவர் நிலையாக உட்கார்ந்திருக்கும் இடத்தில் மிச்சம் குறைவு. கழிப்பறையும் வகுப்பறையும் முதலில் வந்ததற்குக் காரணம் இதுதான்.

அமெரிக்காவின் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வுக்கூடம் 2011-இல் இத்தகைய பல ஆய்வுகளை ஒன்றுசேர்த்துச் சராசரி பார்த்தது. ஆள் உணரும் கருவியால் சராசரி 24 சதவீதம், பகலொளிக்கு ஏற்பக் குறைக்கும் கருவியால் 28 சதவீதம், பல முறைகளை இணைத்தால் 38 சதவீதம் மிச்சம் என்று அது கூறியது. பகலொளிக் கருவியைப் பொறுத்தவரை, கணினியில் போட்ட மதிப்பீடுகளைவிட, உண்மைக் கட்டடங்களில் அளந்த சேமிப்பு குறைவாகவே இருந்தது என்பதையும் அதே ஆய்வு சொன்னது. விற்பனைத் தாளில் அச்சிட்ட சதவீதத்தை அப்படியே நம்பக்கூடாது என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டுமா?

இன்னொன்றையும் நினைவில் வைக்க வேண்டும். இவை யாவும் விளக்குக்கு ஆகும் மின்சாரத்தில் சதவீதம், மொத்த ரசீதில் அல்ல. பால், தயிர், ஐஸ்கிரீம் வைக்கும் குளிர்ப்பெட்டிகள் உள்ள கடையில் பெரும்பகுதி மின்சாரத்தை அவையே விழுங்கும். விளக்கில் பாதி மிச்சமானால் ரசீதும் பாதியாகிவிடும் என்று எதிர்பார்த்தால் ஏமாற்றம்தான் மிஞ்சும்.

ஒரு பல்கலைக்கழக வளாகத்தின் அனுபவம்

கலிபோர்னியா மாநிலத்தின் டேவிஸ் நகரில் உள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழக வளாகம் 2010-இல் ஒரு விளக்குத் திட்டத்தைத் தொடங்கியது. 2007-இல் விளக்குக்குச் செலவான மின்சாரத்தில் 60 சதவீதத்தை 2015-க்குள் குறைப்பது அதன் இலக்கு. வளாகத்தின் நடைபாதை, சாலை, கட்டடச் சுவர் ஆகிய இடங்களில் இருந்த ஆயிரத்துக்கும் மேற்பட்ட விளக்குகளை மாற்றி, எல்.இ.டி. விளக்குகளும் நடமாட்டத்தை உணரும் கருவிகளும் பொருத்தினார்கள். எல்லா விளக்குகளையும் ஒரே இடத்திலிருந்து கண்காணிக்க வழி செய்தார்கள்.

அங்கே பின்பற்றிய முறை கவனிக்கத்தக்கது. ஆள் இல்லை என்றால் விளக்கு முழுவதும் அணைந்துவிடாது. மங்கலாக எரிந்துகொண்டிருக்கும். நடந்தோ, மிதிவண்டியிலோ, காரிலோ ஒருவர் வந்தால், அவர் எந்தத் திசையில் போகிறார் என்பதை அறிந்து அவருக்கு முன்னே உள்ள விளக்குகள் பிரகாசமாகும். அவர் கடந்து போன பின் மீண்டும் மங்கும்.

ஏன் முழுவதும் அணைக்கவில்லை? இரவில் நூலகத்திலிருந்து விடுதிக்குத் தனியாக நடந்து போகும் மாணவி இருட்டான பாதையில் கால் வைக்கத் தயங்குவாள். மின்சாரம் மிச்சம் என்று பாதுகாப்பை விற்றுவிட முடியாது. மங்கலான ஒளி பாதையைக் காட்டுகிறது. நடமாட்டம் வந்ததும் கூடும் ஒளி "அங்கே யாரோ இருக்கிறார்" என்று காவலருக்கும் காட்டுகிறது.

இதனால் வெளிவிளக்கு மின்செலவு 86 சதவீதம் குறைந்தது என்றும், ஆண்டுக்கு 10 லட்சம் யூனிட்டுக்கு மேல் மிச்சம் என்றும் பல்கலைக்கழகம் அறிவித்தது. இந்த 86 சதவீதம் கருவியால் மட்டும் வந்ததல்ல. பழைய விளக்கை எல்.இ.டி.யாக மாற்றியதும் சேர்ந்தது. இந்த வேறுபாடு நம் கணக்குக்கு மிக முக்கியம். பின்னால் வருகிறோம்.

கருவிகள் நான்கு வகை

கடைக்குப் பயன்படக்கூடியவை பெரும்பாலும் நான்கு வகைக்குள் அடங்கும்.

1. நேரக் கருவி, அதாவது டைமர். குறித்த நேரத்தில் விளக்கைப் போட்டு, குறித்த நேரத்தில் அணைக்கும். முள் சுழலும் பழைய வகையும் எண் காட்டும் வகையும் உண்டு. சேமமின்கலம் இல்லாத முள் வகையில், மின்தடை ஏற்பட்டால் கருவியின் கடிகாரமும் நின்றுவிடும். இரண்டு மணி நேரம் மின்சாரம் போனால் உங்கள் பெயர்ப்பலகை இரண்டு மணி நேரம் தாமதமாக எரியும். ஆகவே உள்ளே மின்கலம் உள்ள வகையே நல்லது.

2. ஒளி உணரும் கருவி. கடைக்காரர்கள் "போட்டோசெல்" என்பார்கள். பொழுது சாய்ந்ததும் விளக்கைப் போடும், விடிந்ததும் அணைக்கும். அது போடுகிற விளக்கின் வெளிச்சம் அதன் மேலேயே படும்படி மாட்டக்கூடாது. மாட்டினால், விடிந்துவிட்டது என்று எண்ணி அணைக்கும், இருட்டானதும் மறுபடி போடும். இரவெல்லாம் விளக்கு கண் சிமிட்டிக்கொண்டே இருக்கும்.

3. ஆள் உணரும் கருவி, அதாவது சென்சார். அதிகம் விற்பது பி.ஐ.ஆர். என்னும் வகை. நம் உடல் சூட்டிலிருந்து கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கதிர் வெளியாகிறது. கருவியின் முன்னுள்ள வெண்ணிற வில்லை, அறையைப் பல கூறுகளாகப் பிரித்துப் பார்க்கிறது. ஒருவர் ஒரு கூறிலிருந்து மற்றொன்றுக்கு நகரும்போது ஏற்படும் சூட்டு மாற்றத்தைக் கருவி உணர்ந்து விளக்கைப் போடுகிறது. நடமாட்டம் நின்று, நாம் வைத்த நேரம் கடந்ததும் அணைக்கிறது. நுண்ணலை அனுப்பி எதிரொலியில் உணரும் மற்றொரு வகையும் உண்டு. அது மெல்லிய தடுப்புகளைத் தாண்டியும் உணரும். மின்விசிறி சுற்றினாலும் ஆள் என்று ஏமாறக்கூடும்.

4. மாடிப்படிக் கருவி. பொத்தானை அழுத்தினால் விளக்கு எரியும். சில நிமிடங்களில் தானே அணையும். சென்சாரைவிட எளிமையானது. மாடியில் சரக்கு வைத்திருப்பவர்களுக்கு இதுவே போதும்.

எந்த இடத்துக்கு எது?

இங்குதான் பலர் தவறு செய்கிறார்கள். கருவி நல்லது, மாட்டிய இடம் தவறு.

பெயர்ப்பலகைக்குப் போட்டோசெல் மட்டும் மாட்டுவது அப்படிப்பட்ட தவறு. முன்பு இரவு 10 மணிக்குக் கையால் அணைத்து வந்த பலகை, போட்டோசெல் மாட்டிய பின் விடியும் வரை எரியும். சேமிக்க வாங்கிய கருவி செலவைக் கூட்டிவிடும். பெயர்ப்பலகைக்கு ஏற்றது டைமர். மாலை ஆறேகாலுக்குப் போட்டு, கடைத்தெருவில் ஆள் நடமாட்டம் ஓயும் நேரத்தில் அணைத்தால் போதும்.

நம் ஊரில் டைமருக்கு ஒரு வசதி உண்டு. டேவிஸ் நகரில் பனிக்காலத்தில் மாலை 5 மணிக்கு முன்பே சூரியன் மறைந்துவிடும், கோடையில் எட்டரை மணி ஆகும். சென்னையில் ஆண்டு முழுவதும் பார்த்தாலும் வித்தியாசம் ஏறத்தாழ ஒரு மணி நேரமே. நவம்பரில் 5.40 மணி வாக்கில் மறைகிறது, ஜூலைத் தொடக்கத்தில் 6.40 மணி வாக்கில் மறைகிறது. ஆகவே ஐப்பசியில் ஒருமுறை, தை கழிந்து ஒருமுறை டைமரைத் திருத்தினால் போதும்.

கடை வாசலில் இரவு முழுவதும் காவலுக்கு எரியும் ஒற்றை விளக்குக்குப் போட்டோசெல் பொருத்தம். காலையில் கடை திறக்கும் வரை வெயிலில் எரிந்துகொண்டிருக்காது.

கிடங்கு, கழிப்பறை, மாடிப்படி, பின்கட்டு ஆகிய இடங்களுக்கு ஆள் உணரும் கருவி அல்லது மாடிப்படிக் கருவி ஏற்றது.

விற்பனைக் கூடத்துக்குச் சென்சார் வேண்டவே வேண்டாம். வாடிக்கையாளர் ஒருவர் பொட்டலத்தின் விலையைப் படித்துக்கொண்டு அசையாமல் நிற்கும்போது தலைக்கு மேல் விளக்கு அணைந்தால், அவர் அடுத்த முறை வேறு கடைக்குப் போவார். கல்லாப்பெட்டி அருகிலும் கூடாது. அங்கே செய்யத்தக்கது ஒன்றுண்டு. வாசலை ஒட்டிய முதல் வரிசை விளக்குகளுக்குத் தனிச் சுவிட்ச் வையுங்கள். பகலில் தெருவெளிச்சம் வரும் இடத்தில் அந்த வரிசை அணைந்திருக்கட்டும். இதற்கு ஆகும் செலவு ஒரு சுவிட்சும் சில அடி வயரும்தான்.

கிடங்கில் கவனிக்க வேண்டியவை

பி.ஐ.ஆர். கருவிக்குச் சுவருக்கு அப்பால் தெரியாது. மூட்டை அடுக்குக்குப் பின்னாலும் தெரியாது. கண்ணாடியும் மறைக்கும். ஆகவே அறைக்கு ஒன்று என்று கணக்கிடாமல், அடுக்குகளுக்கு இடையிலுள்ள சந்துக்கு ஒன்று என்று கணக்கிட வேண்டும். அது தன்னை நோக்கி நேராக வருபவரைவிடக் குறுக்கே கடப்பவரை நன்றாக உணரும். நுழைபவர் அதற்குக் குறுக்கே நடக்கும்படி மாட்டுவது நல்லது.

சுற்றுப்புறச் சூடு உடல் சூட்டை நெருங்கும்போது, ஆளுக்கும் சுவருக்கும் வித்தியாசம் தெரியாமல் கருவி தடுமாறும். தகரக் கூரை அல்லது கல்நார்க் கூரை போட்ட கிடங்கில் சித்திரை, வைகாசி நண்பகலில் இது நடக்கக்கூடியதே. அத்தகைய இடத்தில் கருவியைக் கூரையை ஒட்டி மாட்டாமல் சற்றுக் கீழிறக்கி மாட்டுங்கள். மிக உயரமான கூரைக்கு, அந்த உயரத்துக்கென்றே செய்த கருவி இருக்கிறது. சாதாரண வகை அங்கே பயன்படாது.

எல்லாவற்றையும்விட முக்கியம், சுமை தூக்கும் தொழிலாளியின் பாதுகாப்பு. முதுகில் மூட்டையோடு நிற்பவர் தலைக்கு மேல் விளக்கு அணைந்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. அடுக்குக்குப் பின்னால் இருப்பு எண்ணுபவர் வெகுநேரம் அசையாமல் இருக்கக்கூடும். ஆகவே அணைக்கும் நேரத்தை 10 முதல் 15 நிமிடமாக வையுங்கள். 5 நிமிடம் வைத்தால் இன்னும் சிறிது மிச்சமாகும் என்பது உண்மையே. ஆனால் அந்தச் சிறிது காசுக்காக ஒருவர் கால் முறியக்கூடாது.

டேவிஸ் வளாகத்தின் பாடம் இங்கே பொருந்தும். முழு இருட்டு வேண்டாம். நுழைவாயில் அருகில் ஒரு 9 வாட் விளக்கு, கருவியோடு சேராமல், வேலை நேரம் முழுவதும் எரியட்டும். 12 மணி நேரத்துக்கு அது தின்பது 0.108 யூனிட்தான். நாளைக்கு ஏறத்தாழ ஒரு ரூபாயில் எல்லாருக்கும் பாதுகாப்பு.

சோடியம் ஆவி விளக்கும் மெட்டல் ஹாலைடு விளக்கும் உள்ள கிடங்கில் சென்சார் பொருத்த முடியாது. அவை அணைந்தால் மீண்டும் முழு வெளிச்சம் வரப் பல நிமிடங்கள் ஆகும். பழைய சோக், ஸ்டார்ட்டர் குழல்விளக்குகளை அடிக்கடி போட்டு அணைத்தால் ஆயுள் குறையும். எல்.இ.டி.க்கு இந்தத் தொல்லை இல்லை.

கணக்குப் போடுவோம்

உங்கள் யூனிட் விலையை உங்கள் ரசீதிலிருந்து எடுத்துக்கொள்ளுங்கள். இங்கே கணக்கு எளிதாக இருக்க யூனிட் 10 ரூபாய் என்றும், கிடங்கு மாதம் 26 நாள் இயங்குகிறது என்றும் வைத்துக்கொள்வோம்.

ஒரு கிடங்கில் 10 பழைய குழல்விளக்குகள். சோக்குடன் சேர்த்து ஒன்றுக்கு 50 வாட். ஆக 500 வாட். 12 மணி நேரம் எரிகிறது. நாளைக்கு 6 யூனிட். ஆனால் உள்ளே ஆள் இருப்பது, கருவி காத்திருக்கும் நேரத்தையும் சேர்த்து, 3 மணி நேரம்தான்.

விளக்கு விற்பவர் வருகிறார். "50 வாட்டை எடுத்துவிட்டு 20 வாட் எல்.இ.டி. போடுங்கள். நாளைக்கு 3.6 யூனிட் மிச்சம்" என்கிறார். கணக்குச் சரிதான்.

சென்சார் விற்பவர் வருகிறார். "12 மணி நேரம் எரிவதை 3 மணி நேரமாக்குகிறேன். நாளைக்கு 4.5 யூனிட் மிச்சம்" என்கிறார். அதுவும் சரிதான்.

இருவரிடமும் வாங்கினால் 8.1 யூனிட் மிச்சமா? மொத்தச் செலவே 6 யூனிட்தானே! இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை. ஆனால் இருவரும் பழைய 6 யூனிட்டிலிருந்தே கழிக்கிறார்கள். ஒருவர் மிச்சப்படுத்திய பின் மற்றவருக்கு மிச்சப்படுத்த எஞ்சியிருப்பது குறைவு என்பதை யாரும் சொல்வதில்லை.

சரியான கணக்கு இப்படி. முதலில் விளக்கை மாற்றுங்கள். 6 யூனிட் 2.4 ஆகிறது. மிச்சம் நாளைக்கு 3.6 யூனிட், மாதம் 93.6 யூனிட், ரூ.936. அதன்பின் சென்சார். 2.4 யூனிட் 0.6 ஆகிறது. மிச்சம் நாளைக்கு 1.8 யூனிட், மாதம் 46.8 யூனிட், ரூ.468. இரண்டும் சேர்ந்து 6 யூனிட் 0.6 ஆகிவிட்டது. பத்தில் ஒன்பது பங்கு மிச்சம்.

இரண்டு சந்துக்கு இரண்டு கருவி, வயர், கூலி எல்லாம் சேர்த்து ரூ.3,000 ஆகிறது என்று கொள்வோம். கருவியும் கொஞ்சம் மின்சாரம் தின்னும். ஒன்றுக்கு ஒரு வாட் என்றால், இரவு பகலாக மாதம் முக்கால் யூனிட் அளவு. இரண்டுக்கும் சேர்த்து 14 ரூபாய். அது போக நிகர மிச்சம் ரூ.454. போட்ட பணம் ஆறே முக்கால் மாதத்துக்குள் திரும்பிவிடும்.

பெயர்ப்பலகையைப் பார்ப்போம். 200 வாட் பலகை இரவு பத்தரைக்கு அணைய வேண்டியது, மறதியால் காலை 6 மணி வரை எரிகிறது. ஏழரை மணி நேரத்துக்கு ஒன்றரை யூனிட். தினமும் இப்படியானால் மாதம் 45 யூனிட், ரூ.450. ஒரு டைமர் இதை நிறுத்திவிடும்.

கழிப்பறையில் உள்ள ஒரே ஒரு 9 வாட் விளக்கு நாளைக்கு 10 மணி நேரம் வீணாக எரிகிறது என்றால் மாதம் 2.34 யூனிட், 23 ரூபாய். கருவி தின்பது 7 ரூபாய். நிகர மிச்சம் 16 ரூபாய். கருவி விலை ரூ.500 என்றால் பணம் திரும்ப இரண்டரை ஆண்டுக்கு மேல் ஆகும். ஆய்வில் கழிப்பறைக்கு 60 சதவீதம் என்று பார்த்தோமே என்று கேட்கலாம். சதவீதம் பெரியதுதான், எதில் சதவீதம் என்பதே கேள்வி. பத்து விளக்குள்ள கல்லூரிக் கழிப்பறையும் ஒரு விளக்குள்ள கடைக் கழிப்பறையும் ஒன்றல்ல. அங்கே ஒரு நல்ல சுவிட்சே போதும்.

கிடங்குக் கருவியும் பெயர்ப்பலகை டைமரும் சேர்ந்து மாதம் ஏறத்தாழ 900 ரூபாய் மிச்சம். சிறிய தொகைதானே என்று எண்ண வேண்டாம். நூறு ரூபாய் விற்றால் கையில் நிற்பது 3 ரூபாய் என்று இயங்கும் மளிகைக் கடைக்கு, 900 ரூபாய் லாபம் பார்க்க 30,000 ரூபாய்க்குச் சரக்கு விற்க வேண்டும். அந்தச் சரக்குக்கு முதல் போட வேண்டும், இறக்க வேண்டும், எடை போட வேண்டும், கடன் சொல்பவரிடம் வசூலிக்க வேண்டும். மிச்சப்படுத்திய 900 ரூபாய்க்கு இந்தச் சிரமம் எதுவும் இல்லை.

வாங்கும் முன் கேட்க வேண்டியவை

1. எத்தனை வாட் எல்.இ.டி. தாங்கும்? அட்டையில் உள்ள பெரிய எண் பழைய குண்டு பல்புக்கு உரியதாக இருக்கலாம். எல்.இ.டி.க்குரிய அளவு அதைவிடக் குறைவு. அதைக் கேட்டு வாங்குங்கள். விளக்குகள் அதிகமானால் இடையில் காண்டாக்டர் வைக்கச் சொல்லுங்கள்.

2. அணைக்கும் நேரத்தை நாமே மாற்றி அமைக்க முடியுமா? மாற்ற முடியாத கருவி வேண்டாம்.

3. கருவி பழுதானால் கையால் விளக்கைப் போட வழி உண்டா? கருவியை ஒதுக்கி நேரே விளக்கைப் போடும் சுவிட்ச் ஒன்று கட்டாயம் இருக்க வேண்டும். சரக்கு லாரி வாசலில் நிற்கும்போது எலக்ட்ரீசியனைத் தேடிக்கொண்டிருக்க முடியாது.

4. சுவிட்ச் பெட்டியில் நியூட்ரல் வயர் இருக்கிறதா? இத்தகைய கருவிகளில் பெரும்பாலானவற்றுக்கு நியூட்ரல் தேவை. பழைய கட்டடங்களின் சுவிட்ச் பெட்டியில் அது பெரும்பாலும் இருக்காது. புதிதாக வயர் இழுக்கும் செலவையும் கணக்கில் சேருங்கள்.

5. விளக்கு வரிசையில் வேறு ஏதாவது சேர்ந்திருக்கிறதா? குளிர்ப்பெட்டி, கண்காணிப்புக் கேமரா, பில் போடும் கணினி, எடை இயந்திரம் ஆகியவை தானியங்கிக் கட்டுப்பாட்டுக்குள் வரவே கூடாது. இரவில் டைமர் விளக்கோடு சேர்த்துக் குளிர்ப்பெட்டியையும் அணைத்தால், ஒரு ராத்திரியில் கெடும் சரக்கு ஓராண்டு மிச்சத்தை விழுங்கிவிடும்.

6. உத்தரவாதம் எத்தனை ஆண்டு? பணம் திரும்பும் காலத்தைவிட உத்தரவாதக் காலம் அதிகமாக இருப்பதே நமக்குப் பாதுகாப்பு. எந்த வேலையையும் உரிமம் பெற்ற மின்பணியாளரைக் கொண்டே செய்யுங்கள்.

சட்டம் என்ன சொல்கிறது?

நம் நாட்டில் எரிசக்திச் சேமிப்புச் சட்டம் 2001-இல் வந்தது. அதன் கீழ் 2007-இல் வெளியான கட்டட எரிசக்தி விதித்தொகுப்பு, 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட கட்டடங்களில் உள்விளக்குகளைத் தானே அணைக்கும் கருவி வேண்டும் என்று கூறியது. அது பெரும் மின்சுமை கொண்ட வணிகக் கட்டடங்களுக்காக எழுதப்பட்டது. சிறு கடைகளை அது கட்டாயப்படுத்தவில்லை. பெரிய அங்காடிகள் சட்டத்துக்காகச் செய்வதை நாம் லாபத்துக்காகச் செய்யலாம்.

முதல் வேலை

நாளையே கடைக்குப் போய்க் கருவி வாங்க வேண்டாம். ஒரு வாரம் ஒரு சிறு குறிப்பேடு வையுங்கள். நாளைக்கு நான்கு முறை, நேரம் சொல்லாமல், கிடங்கு, மாடி, பின்கட்டு ஆகிய இடங்களை எட்டிப் பாருங்கள். விளக்கு எரிகிறதா, ஆள் இருக்கிறாரா என்று இரண்டு கட்டத்தில் குறியுங்கள். வார முடிவில் 28 குறிப்புகள் இருக்கும். ஆள் இல்லாமல் விளக்கு எரிந்த குறிப்புகள் நான்கோ ஐந்தோதான் என்றால், உங்களுக்குக் கருவி தேவையில்லை. உங்கள் பணியாளர்களைப் பாராட்டுங்கள். பதினைந்தைத் தாண்டினால், மேலே சொன்ன கணக்கை உங்கள் எண்களைப் போட்டுச் செய்து பாருங்கள்.

கருவி மாட்டிய பின்னும் வேலை முடிந்துவிடவில்லை. மாட்டுவதற்கு முந்தைய இரண்டு ரசீதுகளையும் பிந்தைய இரண்டு ரசீதுகளையும் பக்கத்தில் வைத்து யூனிட்டைப் பாருங்கள், ரூபாயைப் பார்க்க வேண்டாம். கட்டண விகிதம் மாறினால் ரூபாய் ஏமாற்றும், யூனிட் ஏமாற்றாது. கோடையில் விசிறியும் குளிர்ப்பெட்டியும் கூடுதலாக ஓடும் என்பதால், சென்ற ஆண்டின் அதே மாதத்து ரசீதோடு ஒப்பிடுவது இன்னும் சரி.

சரக்கு வாங்கும்போது எடை பார்க்காமல் நாம் பணம் கொடுப்பதில்லை. மின்சாரமும் நாம் வாங்குகிற சரக்குதான். அதையும் எடை பார்த்துச் செலவழிப்போம்.